மாரத்தான் குழுவுக்கு முதல்முறை கோச் ஆகிறீர்களா? ஜனவரி வரை மனம் தளராமல் கொண்டுபோகும் வழி

சென்னையில் ஜனவரி மாரத்தானைக் குறிவைத்து ஏரியாவுக்கு ஏரியா ஓட்டக் குழுக்கள் இருக்கின்றன. பல குழுக்களில் கோச் என்பவர் சம்பளம் வாங்கும் ஆள் இல்லை. சில வருடம் ஓடிப் பழகியவர். "நீங்களே பாத்துக்கங்க சார்" என்று மற்றவர்கள் கைகாட்டியதால் பொறுப்புக்கு வந்தவர். அவரும் அதே ஜனவரியில் ஓடப்போகிறவர்தான். நானும் அப்படித்தான் வந்தேன். பேஸ் (ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்ற வேகம்), இன்டர்வல் (வேகமாக ஓடி, சற்று ஓய்ந்து, மறுபடி ஓடும் பயிற்சி) பற்றிப் படிக்க ஆயிரம் இடம் உண்டு. ஆனால் நவம்பர் மழையில் பாதிப் பேர் வராமல் போகும்போது மீதிப் பேரை எப்படிப் பிடித்துவைப்பது, அதே சமயம் நம் சொந்தப் பயிற்சியை எங்கே நுழைப்பது என்று சொல்லித்தர ஆளில்லாமல் திண்டாடினேன். அந்தத் திண்டாட்டம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழுவில் ஒருவர் சோர்ந்துபோனால் பின்னால் போய்த் தேடிப் பாருங்கள், ஏதாவது ஒரு ஏற்பாடு பிசகியிருக்கும். வெயிலுக்குப் பொருந்தாத பேஸ், தவறவிட்ட பதிவுத் தேதி, தேய்ந்த ஷூ, சரியாகத் தூங்காத வாரம், இப்படி. அதைச் சரிசெய்தால் பாதி உற்சாகம் தானாகத் திரும்பும். அதனால் இங்கே ஊக்கப் பேச்சு குறைவு, ஏற்பாடுகள் அதிகம்.

1. முதலில் காகித வேலை (ஜூன் முதல் ஆகஸ்ட் வரை)

ஓட ஆரம்பிப்பதற்கு முன் ஒவ்வொருவரிடமும் ஒரு பக்கப் படிவம் வாங்குங்கள். பெயர், வயது, ரத்த வகை, அவசரத்துக்குக் கூப்பிட இரண்டு எண்கள் (ஒன்று கட்டாயம் வீட்டில் இருப்பவருடையது), சாப்பிடும் மாத்திரைகள், சுகர், பிரஷர், ஆஸ்துமா, பழைய அறுவை சிகிச்சை. இவற்றோடு மூன்று கேள்விகள் இருக்க வேண்டும்: ஓடும்போதோ மாடி ஏறும்போதோ நெஞ்சு வலித்ததுண்டா? மயங்கி விழுந்ததுண்டா? குடும்பத்தில் யாராவது சின்ன வயதிலேயே திடீரென்று இதயக் கோளாறில் இறந்ததுண்டா? ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் டாக்டர் பார்த்துச் சரி என்று எழுதித் தரும்வரை அவர் நடக்கலாம், ஓடக் கூடாது. நாற்பது தாண்டி, பல வருடம் உட்கார்ந்தே வேலை பார்த்தவர்களுக்கும் ஒரு முறை டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

சிலர் முகம் சுளிப்பார்கள். "ஓடத்தானே வந்தோம், எதுக்கு இதெல்லாம்?" என்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். அந்தத் தாள்களின் போட்டோ உங்கள் போனில் மட்டும் இருக்கட்டும், வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். ஒருவருடைய சுகர் அளவு எல்லோருக்கும் தெரிய வேண்டியதில்லை.

அடுத்தது போட்டிப் பதிவு. இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

பெரிய போட்டிகளில் இடம் நிரம்பியதும் பதிவை மூடிவிடுவார்கள். தாமதமாகப் பதிந்தால் கட்டணமும் கூடும். பணத்தைத் திரும்பத் தருவது அரிது. ஆகவே பதிவு திறந்த வாரத்திலேயே பதியச் சொல்லுங்கள். ஆனால் ஹாஃபா (21.1 கிலோமீட்டர்) ஃபுல்லா (42.2 கிலோமீட்டர்) என்று நீங்கள் பேசி முடிவு செய்த பிறகு. நண்பர் ஃபுல் போட்டார் என்பதற்காக ஃபுல் போட்டவர்தான் அக்டோபரிலேயே நொந்துபோவார்.

மும்பை மாரத்தான் மாதிரியான போட்டிகளில் ஃபுல் பிரிவுக்குப் பதிய முன்பு ஓடிய போட்டியின் டைமிங் சர்டிஃபிகேட் கேட்பார்கள். உங்கள் ஆட்கள் ஓடும் ஒவ்வொரு போட்டியின் சர்டிஃபிகேட்டையும் டவுன்லோடு செய்து வைக்கச் சொல்லுங்கள். சில மாதம் கழித்துத் தேடினால் அந்த இணைப்பே இருக்காது.

அப்புறம் பிப், அதாவது சட்டையில் குத்திக்கொள்ளும் எண் அட்டை. பிப்பையும் டைமிங் சிப்பையும் பெரும்பாலும் போட்டிக்கு முந்தைய நாட்களில் எக்ஸ்போ என்ற கண்காட்சியில்தான் தருவார்கள், ஓடும் அன்று காலையில் கிடைக்காது. பதிவு உறுதி மெயில், போட்டோ அடையாள அட்டை இரண்டும் வேண்டும். வேறொருவர் போய் வாங்குவதானால் கையெழுத்திட்ட கடிதமும் அடையாள அட்டை நகலும் கேட்பார்கள். விதிமுறையை முன்பே படியுங்கள். "நான் வரலை, என் பிப்ப நீ போட்டுக்க" என்ற பேச்சை மட்டும் முளையிலேயே கிள்ளிவிடுங்கள். பிப்பின் எண்ணை வைத்துத்தான் ஓடுபவர் யார், என்ன ரத்த வகை, யாரைக் கூப்பிட வேண்டும் என்று மருத்துவக் குழு பார்க்கும். அடுத்தவர் பிப்பைப் போட்டு ஓடுபவர் மயங்கிக் கிடந்தால் தப்பான வீட்டுக்கு போன் போகும்.

2. நாட்காட்டியைப் பின்னாலிருந்து போடுங்கள்

போட்டி ஜனவரி முதல் வாரம் என்றால் ஃபுல்லுக்கான 18 வாரப் பயிற்சி செப்டம்பர் தொடக்கத்தில் ஆரம்பிக்கும். ஹாஃப் ஓடுபவர்களுக்கு 12 வாரம் போதும், அதாவது அக்டோபர் நடுவில். ஆனால் அதற்கு முன்பே வாரம் மூன்று நாள் நிற்காமல் அரை மணி நேரம் ஓடும் நிலைக்கு அவர்கள் வந்திருக்க வேண்டும். ஜூன், ஜூலையை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த 18 வாரத்தின் மேல் வடகிழக்குப் பருவமழையை வைத்துப் பாருங்கள். மிக நீளமான லாங் ரன்கள், 28, 30, 32 கிலோமீட்டர் எல்லாம் நவம்பர், டிசம்பரில் வந்து விழும். சென்னையில் மழை கொட்டுவதும் அப்போதுதான். இதற்கிடையில் தீபாவளி வேறு. அதனால் அட்டவணையில் இரண்டு வாரத்தை முன்கூட்டியே காலியாக விட்டுவிடுங்கள். மழையில் ஒரு வாரம் போனால் "பிளான் கெட்டுப்போச்சு" என்று யாரும் புலம்ப மாட்டார்கள், காலி வாரங்களில் ஒன்று போயிற்று, அவ்வளவுதான். என் அனுபவத்தில் குழுவின் மனநிலையை இந்த அளவுக்குக் காப்பாற்றிய ஏற்பாடு வேறு இல்லை.

3. செலவை முதல் நாளே சொல்லுங்கள்

ஓட்டம் செலவில்லாத விளையாட்டு என்று நினைத்து வருபவர்கள் உண்டு. நடுவில் தெரிந்துகொண்டு சங்கடப்படுவதைவிட முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஷூ 5,000 முதல் 10,000 ரூபாய் வரை. நல்ல ஷூ 500 முதல் 800 கிலோமீட்டர் தாங்கும். ஃபுல்லுக்கான பயிற்சியிலேயே அது முடிந்துவிடும். அதனால் இரண்டாவது ஜோடி தேவைப்பட்டால் போட்டிக்கு ஆறு வாரம் இருக்கும்போது வாங்கிப் பழக்கிவிட வேண்டும். எக்ஸ்போவில் தள்ளுபடியில் வாங்கி மறுநாளே போட்டு ஓடுகிறவரைத் தடுப்பது உங்கள் கடமை.

போட்டிக் கட்டணம் தூரத்தைப் பொறுத்து ஆயிரத்தில் ஆரம்பித்து இரண்டாயிரத்துச் சொச்சம் வரை போகும். ஓடும்போது தெம்புக்குச் சாப்பிடும் எனர்ஜி ஜெல் ஒன்று நூறு ரூபாயை ஒட்டி வரும். பயிற்சிக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அதுவே கணிசமான தொகை. பேரீச்சையும் கடலை மிட்டாயும் வயிறு ஏற்கிறவர்களுக்குப் பயிற்சியில் அதுவே போதும். ஜிபிஎஸ் வாட்ச் முதல் வருடம் தேவையில்லை. சாதாரண கைக்கடிகாரமும் தூரம் தெரிந்த ஒரு சாலையும் இருந்தால் பயிற்சி நடக்கும்.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர், வாழைப்பழம், உப்புக்கடலைக்குக் குழுவாகப் பணம் எடுக்கிறீர்கள் என்றால் மாதக் கடைசியில் கணக்கை வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். முந்நூறு ரூபாய் கணக்கில் குழுக்கள் உடைவதைப் பார்த்திருக்கிறேன்.

குழுப் பணத்தில் முதலில் வாங்க வேண்டியது முதலுதவிப் பை. கூடவே நீங்களும் இன்னும் இருவரும் சிபிஆர் (இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவி) பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள். அரை நாள், ஒரு நாள் வேலைதான். 108-ஐ அழைத்துவிட்டு ஆம்புலன்ஸ் வரும்வரை வெறுங்கையோடு நிற்கக் கூடாது.

4. வெயில் கணக்கை எல்லோருக்கும் புரியவையுங்கள்

செப்டம்பரில் விடிகாலை ஐந்து மணிக்கே 26, 27 டிகிரி இருக்கும். காற்றில் ஈரம் அவ்வளவு இருப்பதால் வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும், உடம்பு குளிராது. தோலைக் குளிர்விக்க ரத்தம் அந்தப் பக்கம் போவதால் தசைக்குப் போவது குறையும், இதயம் வேகமாக அடிக்கும். பத்து கிலோமீட்டர் தாண்டியதும் அதே பேஸில் ஓடினாலும் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். இதெல்லாம் தெரியாதவர் என்ன நினைப்பார்? "போன மாசத்தவிட மோசமாயிட்டேன்." அங்கே ஆரம்பிக்கும் சோர்வு.

வெளிநாட்டு அட்டவணைகளில் இருக்கும் பேஸை அப்படியே எடுத்துக் கொடுக்காதீர்கள். எங்கள் குழுவில் ஈஸி ரன்னுக்கு எண்ணே கிடையாது. பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? சரி, அதுதான் உங்கள் வேகம். இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் குறையுங்கள். லாங் ரன் முடிந்ததும் பேஸ் கேட்பதற்குப் பதில் "பத்துக்கு எவ்வளவு கஷ்டம்?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் ஏழு என்று சொன்ன அதே 16 கிலோமீட்டரை டிசம்பரில் ஐந்து என்பார். அந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள். நீங்கள் எவ்வளவு பாராட்டினாலும் அந்தத் தாளுக்கு ஈடாகாது.

வெயிலுக்கு உடம்பு பழக பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் ஆகும். குளிரான ஊர்களிலிருந்தோ நாடுகளிலிருந்தோ வந்து சேருபவர்களுக்கு அந்த இரண்டு வாரம் தூரத்தைப் பாதியாக்குங்கள்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு பக்கமும் ஆபத்து. குடிக்காமல் ஓடுவது தெரிந்த ஆபத்து. வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்துக்கொண்டே மெதுவாக ஓடினால் ரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும், அதுவும் உயிருக்கு ஆபத்து. ஒரு லாங் ரன்னுக்கு முன்னும் பின்னும் எடை பார்க்கச் சொல்லுங்கள். எடை கூடியிருந்தால் அவர் தேவைக்கு மேல் குடிக்கிறார். ஓஆர்எஸ் பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரிலேயே கரைக்க வேண்டும், கெட்டியாகக் கலக்கக் கூடாது. ஓடுபவர் உளறினாலோ தள்ளாடினாலோ உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். "கொஞ்சம் உக்காந்தா சரியாயிடும்" என்று காத்திருக்க வேண்டாம்.

5. கடைசியில் வருபவரோடு ஓடுங்கள்

எங்கள் குழுவில் வங்கியில் வேலை செய்யும் ஒரு அக்கா இருக்கிறார், ஐம்பதை ஒட்டிய வயது. பெசன்ட் நகரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு கடைசியில் ஓடினேன். நிமிடத்துக்கு ஒரு முறை போனை எடுத்து மணி பார்த்துக்கொண்டே வந்தார். பேஸ் பார்க்கிறாரோ என்று நினைத்துக் கேட்டேன். "இல்ல தம்பி, அவங்க டேபிளை மடிச்சிடுவாங்க. நான் போறப்ப யாரும் இருக்க மாட்டாங்க. பழமும் இருக்காது" என்றார். போய்ச் சேர்ந்தபோது அப்படியேதான் இருந்தது. மடக்கு மேசை காரில் ஏறிவிட்டது. அட்டைப் பெட்டியில் பழத்தோல் மட்டும். முன்னால் ஓடிய பையன்கள் இட்லி சாப்பிடப் போய்விட்டார்கள்.

அந்த வாரமே மாற்றினோம். கடைசி ஆள் வந்து தண்ணீர் குடிக்கும்வரை மேசை மடிக்கப்படாது. எத்தனை பேர் கிளம்பினார்களோ அத்தனை பழம் எண்ணித் தனியாக வைக்கப்படும். வேகமாக முடிப்பவர்கள் திரும்பி ஒரு கிலோமீட்டர் நடந்து வந்து பின்னால் வருபவர்களோடு சேர்ந்துகொள்வார்கள். அவர்களுக்கும் அது நல்ல கூல்-டவுன். மாதத்தில் இரண்டு ஞாயிறாவது கோச் கடைசியில் ஓட வேண்டும். முன்னால் ஓடினால் ஓட்டத்தைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா ஆப்பில் நன்றாகத் தெரியும், ஆனால் யார் நொண்டுகிறார், யார் அழுகையை அடக்கிக்கொண்டு வருகிறார் என்று பின்னால் இருந்தால்தான் தெரியும்.

கட்-ஆஃப் (போட்டியை முடித்தாக வேண்டிய நேர வரம்பு) பயம் கடைசியில் வருபவர்களுக்கே அதிகம். அவர்களுக்கு எண்ணாகச் சொல்லிவிடுங்கள். ஹாஃபுக்கு மூன்றரை மணி நேரம் என்றால் கிலோமீட்டருக்குப் பத்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஃபுல்லுக்கு ஏழு மணி நேரம் என்றாலும் ஏறக்குறைய அதேதான். ஓட்டமும் விறுவிறு நடையும் கலந்தால் பலரால் இது முடியும். உங்கள் போட்டியின் கட்-ஆஃபை அவர்களின் வலைத்தளத்தில் பார்த்து இந்தக் கணக்கை ஒவ்வொருவருக்கும் போட்டுக் கொடுங்கள்.

6. என்ன சொல்வது, என்ன சொல்லக் கூடாது

எல்லோருக்கும் "சூப்பர்" போட்டால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருக்காது. பார்த்ததைச் சொல்லுங்கள். "கடைசி ரெண்டு கிலோமீட்டர்லயும் தோள் இறுகாம ஓடினீங்க." இந்த ஒரு வரியை ஒருவர் வாரக்கணக்கில் நினைவில் வைத்திருப்பார்.

எடையைப் பற்றிப் பேசவே பேசாதீர்கள். "இளைச்சிட்டீங்களே" என்பதுகூட வேண்டாம். குறைவாகச் சாப்பிட்டு நிறைய ஓடுபவர்களுக்கு எலும்பு முறிவு வரலாம், பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோகலாம். அப்படி நின்றால் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டும். இதைப் பேச குழுவில் ஒரு பெண் பேசர் (சீரான வேகத்தில் குழுவை வழிநடத்தி ஓடுபவர்) இருப்பது நல்லது.

கஷ்டமான நேரத்தில் மனதுக்குள் சொல்லிக்கொள்ள ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு சின்ன வாசகம் வைத்துக்கொள்ளட்டும். 2014-ல் வெளியான ஓர் ஆய்வில் ஒரு பிரிவினர் தாங்களே தேர்ந்துகொண்ட வாசகங்களை இரண்டு வாரம் பழகிவிட்டு மறுபடி சைக்கிள் மிதித்தார்கள். இனி முடியாது என்று நிறுத்தும்வரை தாக்குப்பிடித்த நேரம் சுமார் 18 சதவீதம் கூடியது. வாசகத்தை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். எங்களில் ஒருவர் "அடுத்த கம்பம் வரைக்கும்" என்பார், இன்னொருவர் முருகன் பெயரைச் சொல்வார். போட்டியன்று திடீரென்று நினைவுக்கு வராது, லாங் ரன்னின் கடைசிப் பகுதியில் பழக வேண்டும்.

வலியைப் பற்றி ஒரே விதி வையுங்கள். தசை கனமாக இருந்தால் ஓடலாம். நடையை மாற்றவைக்கும் வலி என்றால் அங்கேயே நிறுத்த வேண்டும். நிறுத்தியவரைக் குழுவில் பாராட்டுங்கள். வலிமாத்திரை போட்டுக்கொண்டு ஓடுபவரைப் பாராட்டாதீர்கள். இப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டு நீண்ட தூரம் ஓடுவது சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும்.

7. நவம்பரைத் தாண்டுவது

தூறலில் ஓடலாம். இடி, மின்னல், தேங்கிய தண்ணீர் இருந்தால் கூடாது. தண்ணீருக்கு அடியில் திறந்த வடிகால் இருக்கலாம், மின்பெட்டி பக்கத்தில் இருக்கலாம், காலில் வெடிப்பு இருந்தால் எலிக்காய்ச்சல் வரலாம். முந்தின இரவு எட்டு மணிக்குள் "நாளை உண்டு" அல்லது "இல்லை" என்று செய்தி போட்டுவிடுங்கள். காலை நாலு மணிக்கு எழுந்து, கிளம்பி வந்து, இல்லை என்று தெரிந்து திரும்பிப் போகிறவர் அடுத்த வாரம் வரமாட்டார்.

ஈர ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கி அடையுங்கள், இரண்டு மணி நேரத்தில் மாற்றுங்கள், மறுநாள் காய்ந்திருக்கும். வெயிலில் வைத்தால் பசை விட்டுப்போகும். ஓடும் முன் விரலிடுக்கில் வாஸ்லின் தடவினால் கொப்புளம் குறையும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வீட்டுக்குள் தண்ணீர், கரண்ட் இல்லை, ஓடுவதைப் பற்றி யார் நினைப்பது? ஊர் ஓய்ந்ததும் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஜனவரிக்கு இனி முடியுமா?" முடியும். பல வாரம் சேர்த்த தாங்குதிறன் ஒரு வாரம், பத்து நாள் ஓய்வில் பெரிதாகக் குறையாது. தவறிய தூரத்தை அடுத்த வாரத்தில் சேர்த்து ஓடுவதுதான் காயத்தில் கொண்டுபோய் விடும். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். அந்த மாதிரி வாரங்களில் ஓட்டத்தைப் பற்றிய செய்தியே போடாமல் "வீட்ல எல்லாரும் நல்லா இருக்கீங்களா, என்ன வேணும்?" என்று மட்டும் கேளுங்கள்.

8. உங்கள் சொந்தப் பயிற்சி

கோச்சாக இருக்கும் பலர் இங்கேதான் தேய்ந்துபோகிறார்கள். குழுவின் ஈஸி ரன்னை உங்கள் ஈஸி ரன்னாக எண்ணிக்கொள்ளுங்கள், அது லாபம். ஆனால் வாரத்தில் ஒரு நாள், உங்கள் டெம்போவோ (சற்றுக் கடினமான வேகத்தில் சீராக ஓடுவது) இன்டர்வலோ, தனியாக ஓடுங்கள். அன்று வாட்ஸ்அப்புக்குப் பதில் சொல்ல வேண்டாம். உங்கள் லாங் ரன்னும் குழுவின் லாங் ரன்னும் ஒரே ஞாயிறு என்றால் மாதம் இரண்டு முறை பேசர்களிடம் குழுவை ஒப்படைத்துவிட்டு ஓடுங்கள். அதற்கு ஜூலையிலேயே இரண்டு பேசர்களைத் தயார்செய்திருக்க வேண்டும்.

அலுவலகத்தில் மூளை காய்ந்த நாளில் இன்டர்வல் வைக்காதீர்கள். 2009-ல் வெளியான ஓர் ஆய்வில் 90 நிமிடம் மூளைக்கு வேலை கொடுத்துவிட்டு சைக்கிள் மிதித்தவர்கள் சீக்கிரமே கைவிட்டார்கள். அவர்களுடைய இதயமும் தசையும் வழக்கம்போலத்தான் இயங்கின, கஷ்டம் மட்டும் கூடுதலாகத் தெரிந்தது. அப்படிப்பட்ட நாளில் வந்த மோசமான நேரத்தைப் பார்த்து உங்கள் தகுதியை எடைபோட வேண்டாம்.

காலையில் படுக்கையை விட்டு எழும் முன் நாடித்துடிப்பைப் பாருங்கள். வழக்கத்தைவிடத் தொடர்ந்து சில நாள் கூடுதலாக இருந்து, தூக்கமும் கெட்டு, எல்லோர் மேலும் எரிச்சல் வந்தால் அது அதிகப்பயிற்சியாக இருக்கலாம். நாலைந்து நாள் ஓய்வெடுங்கள், குழுவிடமும் காரணத்தைச் சொல்லுங்கள். கோச்சே ஓய்வெடுப்பதைப் பார்த்தால்தான் அவர்களும் குற்ற உணர்வில்லாமல் எடுப்பார்கள்.

9. கடைசி மூன்று வாரம்

போட்டியன்று உடம்பு தெம்பாக இருக்க இந்த வாரங்களில் தூரத்தைக் குறைப்போம். தூரம் குறையும்போது மனம் அலைபாயும். இல்லாத வலியெல்லாம் வரும். "இன்னொரு 30 ஓடிப் பாத்துடவா?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த நேரத்தை வேறு வேலைக்குத் திருப்புங்கள்: காலை மூன்று மணிக்கு யார் காரில் யார் வருவது, வீட்டார் எந்த இடத்தில் நிற்பது, சாலை மூடும் நேரம், பை வைக்கும் இடம்.

ஒவ்வொருவரும் மூன்று இலக்கு எழுதட்டும். எல்லாம் கூடிவந்தால் ஒரு நேரம், சாதாரண நாளாக இருந்தால் ஒரு நேரம், மோசமான நாளாக இருந்தால் நலமாக முடிப்பது. முதல் பத்து கிலோமீட்டர் மெதுவாகத் தோன்ற வேண்டும். ஃபுல் ஓடுபவர்களுக்கு 30 கிலோமீட்டருக்கு மேல்தான் கணக்கு தீரும். பயிற்சியில் சாப்பிடாத எதையும் அன்று சாப்பிடக் கூடாது, ஸ்டாலில் யார் நீட்டினாலும்.

நீங்களும் ஓடுகிறீர்கள் என்பதை மறக்காதீர்கள். போட்டிக்கு முந்தின நாள் மாலை ஆறு மணிக்குப் பிறகு கேள்விகளை ஓடாத ஒருவரிடம் திருப்பிவிட்டுப் படுங்கள்.

10. போட்டி முடிந்த வாரம்

முடித்தவர்களில் சிலருக்கு இரண்டு மூன்று நாளில் ஒரு வெறுமை வரும். நாலு மாதம் எதற்காக எழுந்தோமோ அது இப்போது இல்லை. முடிக்க முடியாதவர்களுக்கு இன்னும் கஷ்டம். குழுவில் மெடல் படங்கள் குவியும் முன்பே அவர்களைத் தனித்தனியாக போனில் கூப்பிடுங்கள். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்காமல், எங்கே இருக்கிறீர்கள், சாப்பிட்டீர்களா என்று ஆரம்பியுங்கள். மீதியை அவர்களே சொல்வார்கள்.

இரண்டு வாரத்துக்குப் புதிய போட்டி எதற்கும் பதிய வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த வாரம் நடை, தூக்கம், வீட்டுச் சாப்பாடு போதும். சர்டிஃபிகேட் வந்ததும் டவுன்லோடு செய்யச் சொல்லி ஒரு செய்தி போடுங்கள். குழுக் கணக்கை முடித்து மீதிப் பணத்தைச் சொல்லுங்கள். முதலுதவிப் பையைத் திறந்து ஓஆர்எஸ் பொட்டலங்களின் காலாவதித் தேதியைப் பாருங்கள், ஜூனில் புதியவர்கள் வருவார்கள்.